நிற்கும் நேரத்தின் கூலி

கேலாங் பாத்தாவைத் தாண்டி தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் முதலில் கண்ணில் படுபவை நின்றுகொண்டிருக்கும் லோரிகள்தாம். இஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும், சக்கரம் சுழலாது. ஓட்டுநர் இருக்கையைச் சற்றுச் சாய்த்து, காலை ஸ்டியரிங் பக்கமாக நீட்டி, தாப்பாவ் பண்ணி வந்த சோற்றுப் பொட்டலத்தை மடியில் பிரித்திருப்பார். முன்னால் உள்ள வண்டி இரண்டு கஜம் நகர்ந்தால் பொட்டலத்தை மூடிவிட்டு இவரும் இரண்டு கஜம் நகர்த்த வேண்டும். தூங்கினால் பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். இறங்கிப் போனால் வரிசை போய்விடும். பாசிர் கூடாங்கில் பாமாயில் ஏற்றி இறக்கும் கிடங்குகளின் வாசலிலும், இரண்டாவது பாலத்துக்கு முன்னால் உள்ள சுங்கச் சாவடியிலும், கூலாய், செனாய் தொழிற்சாலைகளின் பின்புறத்திலும் இதே காட்சிதான். நெடுந்தூர லோரி ஓட்டுநரின் வாழ்க்கையை அறிய வேண்டுமென்று இந்தப் பாதையில் இறங்கிய எனக்கு இதுவே முதன்மையான செய்தியாகப் பட்டது. இவர்களுடைய வேலை நாளில் பெரும் துண்டு ஒன்று நிற்பதிலேயே கழிகிறது. அந்தத் துண்டுக்குக் கூலி இல்லை. சாலையில் நடக்கும் விபத்துகளைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் ஓடும் நேரத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். களைப்பும் அவசரமும் உருவாவது நிற்கும் நேரத்தில் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் இது என்ன வேலை என்று சொல்லிவிட வேண்டும். வெறுமனே ஸ்டியரிங் பிடிப்பது என்று நினைப்பவர்கள் அதிகம். பிரைம் மூவரைப் பின்னோக்கிக் கொண்டுபோய் டிரெய்லரின் கிங் பின்னில் பூட்டுவது, பூட்டு விழுந்ததா என்று சற்று இழுத்துப் பார்ப்பது, காற்றுக் குழாய்களை மாட்டி ஏர் பிரேக்கில் அழுத்தம் ஏறும்வரை பொறுத்திருப்பது, கொள்கலனின் நான்கு மூலையிலும் உள்ள ட்விஸ்ட் லாக் திரும்பியிருக்கிறதா என்று சுற்றிவந்து பார்ப்பது, டயரைத் தட்டி அதன் சத்தத்தில் காற்றை அளப்பது எல்லாம் வண்டி நகர்வதற்கு முன்னாலேயே முடிய வேண்டிய வேலை. டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது அது இடப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். அதுவும் தேவைக்கு மேல் ஒரு விரற்கடை திரும்பினால் வண்டி மடிந்துகொள்ளும். காலி டிரெய்லர் ஈரச் சாலையில் துள்ளும். பாரம் ஏறிய டிரெய்லர் துள்ளாது, ஆனால் நிற்க மறுக்கும். பாமாயில் தொட்டி லோரி இன்னொரு வகை. தொட்டி அரைகுறையாக நிறைந்திருந்தால் எண்ணெய் உள்ளே அலையடிக்கும். பிரேக் பிடித்த பிறகும் அந்த அலை முன்னால் வந்து மோதி வண்டியைத் தள்ளும், வளைவில் பக்கவாட்டில் சாய்த்து இழுக்கும். இதையெல்லாம் முதுகுத்தண்டில் உணர்ந்து முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பவரே நல்ல ஓட்டுநர். மூவாரில் செய்த நாற்காலி மேசைகளும், கேமரன் மலையிலிருந்து இரவோடு இரவாகச் சிங்கப்பூர் போகும் கீரையும் முட்டைக்கோஸும் இந்த உணர்வை நம்பித்தான் ஊர் கடக்கின்றன. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஜொகூர் பாலம் மனிதர்களுக்கு மூடப்பட்டபோதும் சரக்கு லோரிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. இந்த வேலை எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி கணக்குக்கு வருவோம். கொள்கலன் லோரி ஓட்டுநர்களின் வருமானம் பொதுவாக இரண்டு பகுதி. ஒன்று பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம். இன்னொன்று ட்ரிப் காசு. குடும்பம் நடப்பது பெரும்பாலும் இந்த ட்ரிப் காசில்தான். ஒரு பெட்டியை எடுத்து இன்ன இடத்தில் சேர்த்தால் இவ்வளவு வெள்ளி. சேர்க்க எத்தனை மணி நேரமானது என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. இதே வரிசையில் நிற்கும் மற்ற எல்லாப் பொருளுக்கும் நேரக் கணக்கு உண்டு என்பதையும் பாருங்கள். பெட்டியைத் திருப்பித் தரத் தாமதமானால் கப்பல் நிறுவனம் நாள் கணக்கில் தண்டம் வசூலிக்கிறது. துறைமுக முற்றத்தில் பெட்டி அதிக நாள் கிடந்தால் வாடகை ஏறுகிறது. 2024 ஜூனில் டீசல் உதவித்தொகை மாற்றப்பட்டபோது தகுதியுள்ள லோரிகளுக்கென்று அட்டை வழங்கி, லிட்டர் லிட்டராகக் கணக்கு வைக்கும் ஏற்பாடு செய்தார்கள். டோல் கட்டணம் சென் வரை பதிவாகிறது. இரும்புப் பெட்டியின் ஒரு நாளுக்கு விலை வைக்கத் தெரிந்த தொழில், அதை இழுத்துவரும் மனிதனின் நான்கு மணி நேரத்துக்கு விலை வைக்கவில்லை. இதை நான் அநீதி என்றே சொல்வேன். ஆனால் அநீதி என்பதோடு நின்றால் அது இரண்டு தரப்புக்கு இடையிலான கூலிப் பிரச்சினையாகச் சுருங்கிவிடும். இது சாலையில் போகும் எல்லாரையும் தொடும் பிரச்சினை.

எப்படி என்று எண்களில் பார்க்கலாம். ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் பக்கமாக 300 கிலோமீட்டர் ஓடும் ஒரு லோரி மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் மூன்றே முக்கால் மணி நேரம். 90-இல் போனால் மூன்று மணி இருபது நிமிடம். மிச்சம் 25 நிமிடம்தான். ஆனால் கிடங்கு வாசலில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு வந்தவருக்கு அந்த 25 நிமிடமாவது தன் கையில் இருப்பதாகத் தோன்றும். வாசலில் இழந்த நேரத்தை மீட்கச் சாலையைத் தவிர அவருக்கு வேறு இடமில்லை. வேகத்தைக் கூட்ட முடியாவிட்டால் ஓய்வைக் குறைப்பார். ஓய்வைக் குறைத்தால் தூக்கம் எங்கே வந்து பிடிக்கும் என்பது வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையின் ஜொகூர்ப் பகுதியை இரவில் பார்த்தவர்களுக்கு விளங்கும். யோங் பெங், ஆயர் ஈத்தாம், மச்சாப், சிம்பாங் ரெங்கம் என்று இரு மருங்கிலும் செம்பனை மரங்கள் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் கடந்துகொண்டே இருக்கும். மனித உடல் தூக்கத்தை மிக வலுவாகக் கேட்கும் நேரம் பின்னிரவு இரண்டிலிருந்து ஐந்துவரை; சரக்கு லோரிகள் வழியில் நெரிசல் இல்லாமல் ஓட வாய்ப்பான நேரமும் அதுவே. மச்சாப் ஓய்விடத்தில் இரவில் லோரிகளுக்கான இடம் நிரம்பிவிட்டால் மற்றவை நுழைவழியின் ஓரத்திலும் வெளிவழியின் ஓரத்திலும் ஒட்டி நிற்கின்றன. முன்கண்ணாடிக்கு உள்ளே ஒரு சாரம் திரையாகத் தொங்கும், சின்ன மின்விசிறி சுழலும், கைப்பேசியில் நாற்பது நிமிடத்துக்கு அலாரம் இருக்கும். அதற்குப் பெயர் உறக்கம் இல்லை.

2025 மே 13-ஆம் தேதி தெலுக் இந்தானில் கலகத் தடுப்புப் போலீசாரின் வண்டியும் கல் ஏற்றிய லோரியும் மோதியதில் 9 போலீசார் இறந்தார்கள். அடுத்த மாதம் 9-ஆம் தேதி கெரிக் அருகே பேருந்து விபத்தில் 15 பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தார்கள். நாடே குலுங்கியது. அதன் பிறகு கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 2025 அக்டோபர் முதல் கட்டங்கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. சாலைப் போக்குவரத்து இலாகாவின் சோதனைகளும் கூடின. இவையெல்லாம் தேவை, தாமதமாகவாவது வந்தன என்பதில் மகிழ்ச்சி. இந்த இடத்தில் ஒரு நேர்மையான எதிர்வாதம் எழும். ஓட்டுநர்கள் மீது தவறே இல்லையா? கட்டாத சம்மன்களோடு ஓடுபவர், ஓட்டும்போதே கைப்பேசி பார்ப்பவர், விழித்திருக்க சியாபு என்ற போதைப்பொருளை எடுப்பவர் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். அவர்களால் உயிர் போன குடும்பங்களின் முன்னால் நின்று காரணங்களை அடுக்க எனக்கு மனம் வராது. தண்டனை வேண்டியவர்களுக்குத் தண்டனை வேண்டும். ஆனால் சியாபு விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். களியாட்டத்துக்காக எடுப்பவர் ஒருபுறமிருக்க, தூங்காமல் இருப்பதற்காக எடுக்கும் தொழிலாளி எந்த நாட்டிலும் உருவாவது தூங்க நேரம் தராத தொழிலில்தான். சிறுநீர்ச் சோதனை அவரைப் பிடிக்கும். அடுத்தவர் அந்த இருக்கையில் ஏறும்போது அதே கணக்கு அவருக்காகக் காத்திருக்கும். எடை மீறி ஏற்றும் லோரியும் அப்படித்தான். எவ்வளவு ஏற்றுவது என்பதை முடிவு செய்பவர் பல வேளைகளில் வண்டிக்குள் இருப்பதே இல்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், பொருள் ஏற்றும் இயந்திர வாகனத்தை ஓட்டுபவரை அவருடைய சம்பளம் எவ்வளவு என்று பார்க்காமலேயே தன் பாதுகாப்புக்குள் கொண்டுவருகிறது. 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம் என்பது வரம்பு. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி ஓய்வு தர வேண்டும். மிகைநேரம் மாதத்துக்கு 104 மணியைத் தாண்டக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் மணியைப் பேசுகிறது, சம்பளச் சீட்டு ட்ரிப்பைப் பேசுகிறது. வரிசையில் நின்ற நேரம் ஓய்வா வேலையா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். இந்தக் குழப்பம் மலேசியாவுக்கு மட்டும் உரியதுமல்ல. நாமக்கல், சங்ககிரி லோரிகளுக்கும் பொருந்திய, 2025 வரை நடப்பில் இருந்த இந்தியாவின் 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், முனையங்களில் வெறுமனே காத்திருக்கும் நேரத்தை வேலை நேரத்தில் சேர்க்கும்போது 15 நிமிடத்துக்குக் குறைவானதை மட்டுமே குறிப்பிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதி வேறு திசையில் போனது. நாலரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு 45 நிமிட இடைவெளியை அது கட்டாயமாக்கியது. அதோடு, ஓடிய தூரத்தையோ சரக்கின் அளவையோ வைத்து, சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் விதத்தில் கூலி கொடுப்பதையும் தடுத்தது. கூலி முறையும் பாதுகாப்பும் ஒரே பிரச்சினை என்று ஒரு கண்டத்தின் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

தமிழர்களுக்கு இந்தத் தொழிலோடு பழைய உறவு உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பர் மறைந்து செம்பனை வந்தும், குளுவாங், லாயாங்-லாயாங், லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் கையில் எடுத்த வேலைகளில் லோரி ஓட்டுவதும் ஒன்று. படிப்புச் சான்றிதழை அதிகம் கேட்காத, உழைத்தால் காசு பார்க்கலாம் என்ற வேலை அது. போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் தலைமையில் நெடுங்காலம் நின்ற வி. டேவிட் தொழிலாளர்களுக்காகப் பலமுறை சிறை சென்றவர்; 1987 ஒப்பராசி லாலாங் கைது நடவடிக்கையிலும் பிடிக்கப்பட்டவர். அந்தச் சங்க மரபு லோரித் துறையில் வேர் பிடிக்காமல் போனதற்கு வேலையின் அமைப்பே பெருங்காரணம் என்று நினைக்கிறேன். சரக்கின் உரிமையாளர் ஒருவர், ஏற்பாட்டாளர் ஒருவர், பெர்மிட் ஒருவர் பெயரில், வண்டி இன்னொருவருடையது. ஓட்டுநர் யாரிடம் போய்ப் பேசுவார்? தோட்டத்தில் லயத்து வரிசையில் அடுத்தடுத்து வாழ்ந்தவர்கள் ஒன்று கூடினார்கள். இங்கே ஒவ்வொருவரும் ஒரு கேபினுக்குள் தனியாக இருக்கிறார்.

ட்ரிப் காசை ஓட்டுநர்களே விரும்புகிறார்களே என்பது முதலாளிகள் தரப்பு வாதம். உண்மைதான், விரும்புகிறார்கள். பேசிக் மட்டும் கொண்டு வீட்டுக் கடனும் பிள்ளை படிப்பும் நடக்காத நிலையில் ட்ரிப் காசை வெறுக்க யாரால் முடியும்? 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. கனரக வண்டி ஓட்டும் திறமைக்கு அது போதாது. ஊக்கத்தொகையை ஒழிக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அதன் அடியில் நிற்கும் நேரத்துக்கு ஒரு மணிக்கூலி வேண்டும் என்கிறேன். ஓட்டுநர்கள் கிடைப்பதில்லை என்று லோரி நிறுவனங்கள் பல ஆண்டுகளாக முறையிடுகின்றன. ஒரு கிலோமீட்டர் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனால் அதே திறமைக்கு மூன்று மடங்குக்கும் மேல் மதிப்புள்ள நாணயத்தில் சம்பளம் கிடைக்கும்போது ஜொகூரில் ஆள் எப்படி நிற்பார்? அமெரிக்காவில் ஜே.பி. ஹண்ட் நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் ஓட்டுநர் ஊதியத்தை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உயர்த்தியது. வேலையை விட்டுப் போவோர் வெகுவாகக் குறைந்தார்கள். விபத்து விகிதம் ஏறத்தாழப் பாதியானது. அதை ஆராய்ந்த மைக்கேல் பெல்சர் போன்றவர்கள் கூலிக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பை விரிவாக எழுதியிருக்கிறார்கள். தென் கொரியா 2020 முதல் 2022 வரை கொள்கலன், சிமெண்டு லோரிகளுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் வகுத்து, அதற்குக் கீழே கொடுக்கும் சரக்கு உரிமையாளர்களுக்குத் தண்டமும் விதித்தது. அது முடிவுக்கு வரவிருந்தபோது அதைத் தொடரச் சொல்லி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

சாமான் விலை ஏறிவிடும் என்ற கடைசி எதிர்வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. ஏறும் விலையைக் கொடுப்பவர்களும் ஏழைகள்தாம். ஆனால் காத்திருப்புக்கான செலவு இன்றும் இருக்கவே செய்கிறது. அதை ஓட்டுநர் தன் தூக்கத்தாலும், அவர் மனைவி தனிமையாலும், சில இரவுகளில் எதிரே வந்த யாரோ தங்கள் உயிராலும் கட்டுகிறார்கள். அந்தச் செலவைக் கிடங்கின் கணக்கில் எழுதினால் கிடங்கு வேகமாக இறக்கும். இரண்டு ஆள் கூடுதலாகப் போடும், வண்டிகளுக்கு நேரம் ஒதுக்கும், இரவு வேலையைச் சீராக்கும். இன்று அப்படிச் செய்ய அதற்கு எந்தக் காரணமும் இல்லை, ஏனென்றால் வாசலில் நிற்கும் லோரி அதற்கு இலவசம். 2024-இல் 12 மில்லியனுக்கும் மேற்பட்ட இருபதடிக் கொள்கலன் அளவைக் கையாண்ட தஞ்சோங் பெலெப்பாஸில் பெரும்பகுதி கப்பலிலிருந்து கப்பலுக்கே மாறுவது. லோரி ஏறும் பங்கு சிறிது. அந்தச் சிறிய பங்குக்கு மணிக்கணக்கு எழுதுவது முடியாத காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கவும் தேவையில்லை. துறைமுக வாயிலில் லோரி நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் கணினியில் ஏறுகின்றன. ஜிபிஎஸ் கருவி வண்டி எங்கே, எவ்வளவு நேரம் நின்றது என்பதை நிமிடம் தவறாமல் வைத்திருக்கிறது. அதே கருவியைக் காட்டித்தான் ஏன் தாமதம் என்று ஓட்டுநரைக் கேட்கிறார்கள். நுழைந்த நேரத்துக்கும் வெளியேறிய நேரத்துக்கும் நடுவில் உள்ள மணிகளை எழுத, மாதக் கடைசியில் அவர் கைக்கு வரும் சம்பளச் சீட்டில் ஒரு வரி வேண்டும். விடியும் முன் நான்கு மணிக்குப் பெட்டியை இறக்கிவிட்டு வெளியே வருபவரின் சட்டைப்பையில் துறைமுக வாயிலில் தந்த சீட்டு மடித்துக் கிடக்கிறது.