சாவியைத் திருப்பினால் மட்டும் போதுமா?

இன்றைய பிள்ளைகளிடம் 'ஹேண்டில் அடிப்பது' என்றால் சிரிப்பார்கள். அம்பாசடர், பியட் காலத்தில் மார்கழிக் காலையில் கார் ஒரே தடவையில் கிளம்பினால் அதுவே நல்ல சகுனம். முதலில் சோக்கை இழுக்க வேண்டும். பெட்ரோல் கூடுதலாகப் போனால்தான் குளிர்ந்த எஞ்சின் பற்றும். அளவு மீறினால் பிளக் நனைந்து, ஒரே பெட்ரோல் வாடை. பாட்டரி சோர்ந்திருந்தால் முன்பக்கம் இரும்பு ஹேண்டிலை மாட்டிச் சுற்ற வேண்டும். "கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காதே" என்பார்கள் பெரியவர்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் எலும்பு முறிந்துவிடும்.

இந்தத் தொல்லைக்கு அமெரிக்காவில் 1912லேயே விடிவு வந்தது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டருடன் காடிலாக் கார் வந்த வருஷம் அது. நம் பக்கத்தில், சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் 1961ல் தொடங்கி ஸ்டார்ட்டர் மோட்டார் செய்தது.

இப்போது கார்புரேட்டரும் இல்லை, சோக்கும் இல்லை. எவ்வளவு பெட்ரோல் என்பதைக் கம்ப்யூட்டரே முடிவு செய்கிறது. ஆனால் பாட்டரி செத்தால் அந்தக் கம்ப்யூட்டரும் செத்ததுதான். இங்கேதான் நம்மைப் போன்ற பென்ஷன்காரர்கள் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் வெளியூரில், கார் வாசலில் வாரக்கணக்கில் நிற்கிறது. நிற்கும்போதும் கடிகாரம், அலாரம் எல்லாம் பாட்டரியை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும்.

போன ஐப்பசி மழையில் இரவு இரண்டு மணிக்கு எதிர்வீட்டு மாமிக்கு மூச்சுத் திணறல். அவர்கள் காரில் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும். நாலு பேர் தெருவில் தள்ளி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டதும் கிளம்பியது. கும்பகோணம் போய்ச் சேர்ந்து மாமி பிழைத்தார். ஆனாலும் கால் மணி நேரம் வீணாயிற்று.

நான் செய்வது இவ்வளவுதான். வாரம் ஒருமுறையாவது ஆடுதுறை வரை ஓட்டிவிட்டு வருவேன். நின்ற இடத்தில் இரண்டு நிமிஷம் உறுமவிட்டால் பாட்டரி ஏறாது. டெர்மினலில் பூக்கும் பச்சையைத் துடைத்து வாசலின் தடவுவேன். ஸ்டார்ட் செய்யுமுன் ஏசி, விளக்கு அணைத்து, சாவியை 'ஆன்' வைத்து இரண்டு விநாடி பொறுப்பேன். பெட்ரோல் பம்ப் அதற்குள் தயாராகிவிடும். டீசல் வண்டியானால் சுருள் விளக்கு அணையட்டும். ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டியதில்லை. பத்து விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரை விடாமல் சுற்றவும் கூடாது. பாட்டரிக்கு நாலு வயதானால் சோதித்துவிடுங்கள்.

நாளைக் காலை காபி ஆனதும் உங்கள் வண்டியை ஒருமுறை கிளப்பிப் பாருங்கள்.