காவல் நின்ற கண்கள்

எங்கள் வாப்பா காவல்துறையில் தலைவர்களின் தனிப் பாதுகாவலராகப் பணியாற்றியவர். பெருநாள் காலையில் நாங்கள் புத்தாடை அணிந்து ஈத்காவுக்குப் புறப்படும் வேளையில், அவர் சஃபாரி உடையில், இடுப்பில் துப்பாக்கியுடன் வேறொருவர் வீட்டு வாசலில் நின்றிருப்பார்.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. ராஜீவ் காந்தியோடு அவருடைய பாதுகாவலர் பிரதீப் குமார் குப்தாவும், காவல் கண்காணிப்பாளர் முகம்மது இக்பாலும் உயிரிழந்தனர். அன்று வாப்பா வேறோர் ஊரில் பணியில் இருந்தார். மறுநாள் அவர் வாசலில் வந்து நிற்கும்வரை உம்மா தொழுகை விரிப்பை விட்டு எழவில்லை. "இந்த வேலை வேண்டாம்" என்று உம்மா அழுதார். வாப்பா அடுத்த வாரமே பணிக்குத் திரும்பினார்.

சில ஆண்டுகளுக்குப் பின், மேடைதோறும் நம் சமுதாயத்தை இழித்துப் பேசிய ஒருவருக்குக் காவல் நிற்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. பள்ளிவாசலில் சிலர் முகம் திருப்பிக்கொண்டனர். நாங்களும் வெட்கினோம். "அவருக்காக நீங்கள் ஏன் குண்டடி பட வேண்டும்?" என்று ஒருநாள் கேட்டே விட்டோம்.

வாப்பா கோபப்படவில்லை. "அவர் பேச்சுக்கு அவர் அல்லாஹ்விடம் பதில் சொல்வார். அவர் உயிர் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். மேடையில் நிற்கும்போது நான் அவரைப் பார்ப்பதே இல்லை, கூட்டத்தின் கைகளைத்தான் பார்க்கிறேன்" என்றார்.

மதீனாவில் உறக்கம் வராத ஓர் இரவில், நல்லவர் ஒருவர் காவலுக்கு வரமாட்டாரா என்று நபி (ஸல்) அவர்கள் விரும்பியதையும், ஆயுத ஓசையோடு ஸஅது (ரலி) அவர்கள் வந்து நின்றதையும் நாங்கள் மதரஸாவில் படித்திருக்கிறோம். அல்லாஹ்வே பாதுகாப்பான் என்ற 5:67ஆம் வசனம் இறங்கியதும் காவலர்களை அவர்கள் திருப்பி அனுப்பியதையும் அறிவோம். அல்லாஹ்வின் பாதையில் காவல் நின்று விழித்த கண்ணை நரக நெருப்பு தீண்டாது என்ற நபிமொழியை வாப்பாவிடம் ஆறுதலாகச் சொன்னோம். அவர் தலையசைத்து மறுத்தார். "அது அவன் பாதையில் நின்றவர்களுக்கு. சம்பளத்துக்கு நின்ற எனக்கு அதில் பங்குண்டா என்பதை அவனே அறிவான்."

ஓய்வுபெற்ற பின் வந்த முதல் பெருநாளில் வாப்பா எங்களோடு ஈத்காவுக்கு வந்தார். எந்த இடத்திலும் வாசலைப் பார்த்தபடியே அமரும் வழக்கமுடையவர், அன்று முதுகுக்குப் பின்னால் பெருங்கூட்டம் நிற்க, ஸஜ்தா செய்யும் இடத்தில் பார்வையைத் தாழ்த்தி நின்றார். யாருடைய கைகளையும் அவர் கவனிக்கவில்லை. தொழுகை முடிந்தபோது அவர் கண்கள் நனைந்திருந்தன.

அமானிதம் பேணி விழித்திருக்கும் கண்கள் அனைத்தையும் வல்ல இறைவன் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.