பூவரசங்கட்டை

2011 கடைசியில் கடலூர்ப் பக்கம் அடித்த தானே புயலில், அப்பா வைத்த பூவரசு சாய்ந்தது. அடிமரத்தில் ஒரு கட்டையை அறுத்துக் காயவைத்தேன். குறுக்களவு 16 அங்குலம். அதில் ஒரு தாம்பாளம் கடைய ஆசை.

என் வீட்டு லேத்திலோ அச்சுக்கும் அடிப்படுக்கைக்கும் நடுவே 6 அங்குலந்தான். 12 அங்குலத்துக்கு மேற்பட்ட கட்டை அதில் சுற்றாது. ஓரத்தை வெட்டலாம், அப்பா வைத்த மரமாயிற்றே! லேத்தின் தலைப்பகுதிக்கு அடியில் பலகை கொடுத்து உயர்த்தினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.

மேஜையே ஆடியது. அணைப்பதற்குள் கட்டை பிய்த்துக்கொண்டு பறந்து, சுவர்க் காரையைப் பெயர்த்துவிட்டு விழுந்தது. என் பெண் நின்று வேடிக்கை பார்க்கும் இடம் அது. நல்லவேளை, பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

கடைசல் பட்டறைப் பெரியவரிடம் போனேன்.

"எத்தனை சுத்து வச்சீங்க, சார்?"

"வழக்கமான 900தான்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் கணக்குப் போட்டேன். அந்தச் சுற்றில் 4 அங்குலக் கட்டையின் விளிம்பு மணிக்கு 17 கிலோமீட்டர் ஓடும். 16 அங்குலக் கட்டையின் விளிம்போ 69. கட்டை கோணல் வேறு. கனமான பக்கம் வெளியே இழுத்திருக்கிறது.

"ஓரத்தை வெட்டி உருட்டாக்கி, மெதுவாச் சுத்த விடுங்க, சார். வெட்ட மனசில்லேன்னா பெரிய லேத்துக்குக் கொண்டாங்க."

வெட்டினேன். தாம்பாளம் 11 அங்குலத்தில் வந்தது. வெட்டிய ஓரத்தில் என் பெண்ணுக்கு இரண்டு பம்பரம் கடைந்தேன். சுவரை இன்னும் பூசவில்லை.