தண்ணீர் இல்லாத படகில் 2,000 மீட்டர்... வேகத்தைவிட ஓய்வுதான் சவால்!

சொந்த ஊர் கோட்டைப்பட்டினம் என்று சொன்னால், ``அப்போ உனக்குப் படகு ஓட்டத் தெரியுமா?'' என்பதுதான் சென்னையில் பலரும் கேட்கும் முதல் கேள்வி. தெரியாது. எங்கள் ஊர்க் கரையில் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் வரிசைகட்டி நிற்கும். ஆனால், கடலுக்குப் போவது ஆண்கள். மீனைத் தரம் பிரிப்பது, கருவாடு காயப்போடுவது, கூடை தூக்குவது எல்லாம் பெண்கள். துடுப்பு மாதிரியான ஒன்றை நான் முதன்முதலாகக் கையில் பிடித்ததே 26 வயதில், சென்னையில் ஒரு ஜிம்மின் ஏ.சி அறையில்தான்.

அதன் பெயர் ரோயிங் மெஷின். முன்னும் பின்னும் வழுக்கி ஓடும் ஒரு சீட், பாதங்களைக் கட்டிக்கொள்ள இரண்டு பலகைகள், சங்கிலியில் மாட்டிய ஒரு கைப்பிடி. இழுத்தால் முன்னால் இருக்கும் சக்கரம் காற்றைக் கிழித்துச் சுற்றும். எவ்வளவு வேகத்தில் `படகு' போகிறது என்று சின்னத் திரையில் எண் ஓடும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் டிக், பீட் டிரைசிகாக்கர் என்ற சகோதரர்கள் 1981-ல் சைக்கிள் சக்கரத்தை வைத்து உருவாக்கிய கருவியின் வாரிசு இது. குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிட்டால், படகு வீரர்கள் பயிற்சியை விடக் கூடாது என்பதற்காக வந்த மெஷின், பிறகு தனி விளையாட்டாகவே வளர்ந்துவிட்டது. 2018-ல் இன்டோர் ரோயிங்குக்கு முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. இந்தியாவிலும் தேசிய அளவில் போட்டிகள் நடக்கின்றன.

நான் பெயர் கொடுத்தது அவ்வளவு பெரிய இடத்தில் இல்லை. ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஜிம்மில் நடக்கும் உள்ளூர்ப் போட்டி. தூரம் 2,000 மீட்டர். கையில் இருந்தது 10 வாரம்.

போனில் அப்பாவிடம் சொன்னேன். ``ஏத்தா, இழுக்குறதுக்கு அங்கே காசு வேற கட்டுறியா? இங்கே வந்தா சும்மாவே இழுக்கலாமே'' என்று சிரித்தார். விசைப்படகில் 30 வருஷம் வலை இழுத்தவர் சொன்னால் மறுத்துப் பேச முடியுமா!

42 விநாடியின் விலை

முதல் நாள் சோதனையாக 2,000 மீட்டரை இழுத்தேன். 10 நிமிடம் 12 விநாடி. போட்டிக்கு நான் வைத்த இலக்கு 9 நிமிடம் 30 விநாடி. வெறும் 42 விநாடிதானே என்று தோன்றும். ஆனால், இந்த மெஷினில் ஒரு கணக்கு உண்டு. வேகத்தை இரண்டு மடங்காக்க, சக்தியை எட்டு மடங்காக்க வேண்டும். என் 10:12-க்கு உடம்பு கொடுத்தது சராசரியாக 98 வாட். 9:30-க்கு வேண்டியது 121 வாட். அதாவது, நேரத்தில் 7 சதவிகிதம் குறைய, சக்தி கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு கூட வேண்டும்.

அதற்குத்தான் இன்டர்வெல் பயிற்சி. முழுத் தூரத்தையும் ஒரே மூச்சில் இழுக்காமல், துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் போட்டி வேகத்திலோ அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவோ இழுப்பது, நடுவில் ஓய்வெடுப்பது. 500 மீட்டர் வீதம் எட்டு முறை, நடுவில் மூன்றரை நிமிட ஓய்வு என்பது பிரபலமான ஒரு முறை. 1,000 மீட்டர் வீதம் நான்கு முறை, நடுவில் ஐந்து நிமிட ஓய்வு என்பது இன்னொன்று.

ஜிம் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணை, வாரத்தில் நான்கு நாள்கள் இன்டர்வெல் செய்யச் சொன்னது. நான் இரண்டு நாள்கள்தான் வைத்துக்கொண்டேன். செவ்வாய், சனி. காரணம், இந்தப் போட்டியின் குணம். 2,000 மீட்டரில் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் ஆக்ஸிஜன் மூலமாகத்தான் வருகிறது. அந்த ஆக்ஸிஜன் பாதையை அகலப்படுத்துவதில், மெதுவான நீண்ட பயிற்சிக்குப் பெரும்பங்கு உண்டு. நார்வேயில் பணிபுரியும் ஸ்டீபன் செய்லர் என்ற உடற்பயிற்சி ஆய்வாளர், படகு, பனிச்சறுக்கு, சைக்கிள் எனப் பல விளையாட்டுகளின் முன்னணி வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்து சொன்னதும் இதுதான். அவர்களின் பயிற்சி நேரங்களில் சுமார் 80 சதவிகிதம் எளிதான வேகம். மீதி மட்டுமே கடினம். உலகத் தரத்தில் இருப்பவர்களே அப்படி என்றால், ஷிஃப்ட்டில் வேலை பார்க்கும் எனக்கு நான்கு நாள் எதற்கு?

டிஜிட்டல் டெஸ்க் வேலையில் இன்னொரு கணக்கும் உண்டு. காலை ஷிஃப்ட் என்றால் 5 மணிக்கு எழுந்தாக வேண்டும். பிரேக்கிங் நியூஸ் வந்தால், இரவு தூக்கம் போய்விடும். நாம் பயிற்சியில் இழுக்கும்போது தசை பலமாவதில்லை; அப்போது அது களைக்கிறது, நுணுக்கமாகச் சேதமும் ஆகிறது. பலமாவது, அதற்குப் பிறகு தூங்கும்போதும் ஓய்வெடுக்கும்போதும்தான். எனவே, இரவு ஷிஃப்ட் முடிந்த மறுநாள் இன்டர்வெல் கிடையாது என்று எழுதி, டெஸ்க்கில் ஒட்டிவைத்தேன்.

மற்ற நாள்களில் 30 முதல் 40 நிமிடம் நிதானமாக இழுப்பேன். பக்கத்து மெஷினில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. மூச்சுவாங்கி வார்த்தை உடைந்தால், குறைக்க வேண்டும். சொல்லப்போனால், இதுதான் கஷ்டம். பக்கத்தில் ஒருவர் சர்ரென்று இழுத்துக்கொண்டிருக்கும்போது, நாம் ஊர்ந்துகொண்டிருக்க மனம் ஒப்பாது.

இடித்த ஒரு எண்

மூன்றாவது வாரம், ஏதோ சரியில்லை என்று புரிந்தது. அதே நிதான வேகத்துக்கு முதல் வாரம் 140-ல் இருந்த இதயத் துடிப்பு, இப்போது 155-ஐத் தொட்டது. அலுவலக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பயிற்சி ஏறினால் எண் குறைய வேண்டும், ஏறக் கூடாது. டாக்டரைப் பார்த்தேன். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 9.8.

கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு இது 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தச்சோகை, தமிழ்நாட்டில் 53.4 சதவிகிதம். இந்தப் புள்ளிவிவரத்தை வைத்து நானே செய்தி எழுதியிருக்கிறேன். அந்த 53.4-க்குள் நானும் இருக்கிறேன் என்பதை ஒரு ரோயிங் மெஷின்தான் காட்டிக்கொடுத்தது.

நுரையீரல் எவ்வளவு காற்றை இழுத்தாலும், அதைத் தசைக்குச் சுமந்துபோவது ஹீமோகுளோபின். லாரிகள் குறைவாக இருந்தால், துறைமுகத்தில் எவ்வளவு மீன் வந்து இறங்கி என்ன பயன்? டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். ``நாலு வாரத்துக்கு இன்டர்வெல் வேண்டாம். நடை, நிதானமான பயிற்சி போதும். மறுபடி டெஸ்ட் எடுத்துட்டுப் பேசலாம்'' என்றார். மாத்திரை போடும் நேரத்தையொட்டி டீ, காபி வேண்டாம், அவை இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். எலுமிச்சை, நெல்லி போன்றவை சேர உதவும் என்றும் சொல்லி அனுப்பினார்.

10 வாரத்தில் நான்கு வாரம் போச்சு. முதலில் அழுகைதான் வந்தது.

தடைக்காலத்தில் ஊர்

மே மாதம் 10 நாள்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு, ஊருக்குப் போனேன். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் அது. தடை இல்லாத மாதங்களிலும் எங்கள் பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுக்கு வாரத்தில் திங்கள், புதன், சனி என மூன்று நாள்கள்தான். மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு.

திண்ணையில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம், நான்கு வாரம் வீணாகிறது என்று புலம்பினேன். ``61 நாளும் படகைக் கட்டிப் போட்டுட்டு சும்மாவா இருக்கோம்? மர வேலை பாக்குறோம், இன்ஜினைப் பிரிக்கிறோம், வலை தைக்கிறோம். இதைப் பாக்காம போனா நடுக்கடல்ல நிக்கணும்த்தா'' என்றார், கண்ணை வலையிலிருந்து எடுக்காமலே.

அதிகாலையில் கரையோரமாக 45 நிமிடம் நடந்தேன். மூன்றாவது நாள் அம்மாவும் வந்தார். பத்தே நிமிடத்தில் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டார். ``வெயில் அசதிடி'' என்றார். காலை ஆறு மணிக்கு ஏது வெயில்? மறுநாளே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனேன். அம்மாவின் ஹீமோகுளோபின் 8.9. இத்தனை வருஷமும் `அசதி' என்ற ஒரே வார்த்தையில் அவர் அதை மூடிவைத்திருந்தார். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மிஞ்சிய குழம்பில் சாப்பிடுபவர். மீன் வரும் வீட்டில் மீன் துண்டு கடைசியாகப் போய்ச்சேரும் தட்டு அம்மாவுடையதுதானே! அன்று முதல், மீனும் முருங்கைக்கீரையும் அம்மாவின் தட்டில் முதலில் விழ வேண்டும் என்பது வீட்டுச் சட்டமானது. சட்டத்தை அமல்படுத்தும் பொறுப்பு அப்பாவுக்கு.

தத்து போகனலின் இரண்டு நாள்கள்

அந்த நாள்களில் எனக்குத் தெம்பு கொடுத்த ஒரு கதை உண்டு. மகாராஷ்டிராவின் நாசிக் மாவட்டத்தில் கிணறு வெட்டும் தொழிலாளியின் மகன் தத்து போகனல். தானும் கிணறு வெட்டியவர். 2012-ல் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைத் தொட்டார். நான்கே ஆண்டுகளில், 2016 ரியோ ஒலிம்பிக்கில் 13-ம் இடம் பிடித்தார். 2018 ஆசிய விளையாட்டின் தனிநபர் இறுதிப்போட்டியில், காய்ச்சலோடு இறங்கிய அவரால் முடியவில்லை, கடைசி இடம். மறுநாள், ஸ்வரண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகியோருடன் நால்வர் படகில் ஏறி, தங்கம் வென்றார்.

இதில் அவருடைய வைராக்கியத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப்பட்டது, முதல் நாள். ராணுவ வீரரே ஆனாலும், உடம்பு முடியவில்லை என்றால் முடியவில்லைதான். அது மனவலிமைக்குப் போடும் மார்க் அல்ல.

மூன்று வாரம், மூன்று எண்கள்

சென்னை திரும்பி எடுத்த பரிசோதனையில் 11.1. டாக்டர் சம்மதித்தார். மீதம் மூன்று வாரம். முதல் வாரம் ஒரே ஒரு இன்டர்வெல், அதுவும் 500 மீட்டர் வீதம் நான்கு முறைதான். இரண்டாவது வாரம் இரண்டு நாள்கள். அதில் ஒன்று 500 மீட்டர் ஆறு முறை, மற்றொன்று 1,000 மீட்டர் மூன்று முறை. எல்லாத் துண்டுகளையும் ஒரே வேகத்தில் முடிப்பதுதான் விதி. முதல் துண்டில் பறந்து, கடைசியில் தவழ்ந்தால், அந்தப் பயிற்சியின் பலன் பாதிதான்.

கடைசி வாரம், பயிற்சி நேரத்தைப் பாதியாக்கினேன், வேகத்தைக் குறைக்கவில்லை. போட்டிக்கு முன் அளவைக் குறை, வேகத்தை விடாதே என்பது பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்லும் முறை. களைப்பு வடியும், உடம்பு வேகத்தை மறக்காது.

போட்டியில், முதல் 500 மீட்டரை வேண்டுமென்றே அடக்கி இழுத்தேன். என்னைத் தாண்டிப் போன இருவரை 1,500-ல் பிடித்தேன். முடித்த நேரம் 9 நிமிடம் 38.6 விநாடி. இலக்கைவிட 8.6 விநாடி அதிகம். பத்து வாரத்துக்கு முந்தைய என்னைவிட 33 விநாடி குறைவு. பெண்கள் பிரிவில் ஆறாவது இடம்.

புதிதாகத் தொடங்கும் தோழிகளுக்கு மூன்றே விஷயங்கள். இன்டர்வெல் வாரத்துக்கு இரண்டு நாள்கள் போதும், நடுவில் இரண்டு நாள் இடைவெளியாவது இருக்கட்டும். எளிதான நாளை எளிதாகவே வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து களைப்பாக இருந்தால், `சோம்பேறித்தனம்' என்று உங்களையே திட்டிக்கொள்ளாமல், டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாத்திரையும் அவர் சொன்ன பிறகுதான்.

டிசம்பரில் இன்னொரு போட்டி இருக்கிறது. டெஸ்க்கில் இப்போது இரண்டு எண்கள் ஒட்டியிருக்கின்றன. ஒன்று 9:30. அதற்கு மேலே, பெரிய எழுத்தில், 12. தினமும் இரவு எட்டு மணிக்கு அம்மாவுக்கு போன் போடுகிறேன். ``மாத்திரை போட்டாச்சா?'' என்று நான் கேட்பதற்குள், அவர் என்னைக் கேட்டுவிடுகிறார்.