சதுர அடிக்கு இவ்வளவு

பழைய மகாபலிபுரம் சாலையில் சோழிங்கநல்லூரைக் கடந்து தெற்கே போகிறவர்களுக்கு இப்போது வழிநெடுக அடுக்குமாடிகளே தரிசனம் தருகின்றன. அவற்றுள் ஒன்றின் ஒன்பதாவது மாடியில், கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு வேலை முடியாமல் தவித்துக்கொண்டிருந்த ஒரு வீட்டில், படுக்கையறைகளுக்கு லேமினேட் பலகை பதிக்கிறார்கள் என்று அறிந்து, வீட்டுக்காரர் எனக்கு வேண்டியவராகையால் அவருடைய அனுமதி பெற்று, அந்த வேலையை ஆதியோடந்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரை வேலை என்றால் சிவப்பு ஆக்ஸைடு பூச்சையும், ஆத்தங்குடிக் கல்லையும், மொசைக் பாலிஷையும் மாத்திரமே அறிந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்த வேலைகளுக்கெல்லாம் தண்ணீர்தான் பிரதானம். இங்கே நான் கண்ட தொழிலாளர்களோ தண்ணீரைப் பரம சத்துருவாகப் பாவிக்கிறவர்கள்.

மூன்று பேர் வேலை செய்தார்கள். மேஸ்திரி கடலூர்ப் பக்கத்துக்காரர். பரம்பரையாகத் தச்சுத் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்து, கதவு ஜன்னலில் கை பழகி, கதவும் ஜன்னலும் தொழிற்சாலையிலிருந்து வரத் தொடங்கிய பிறகு தரைக்கு இறங்கியவர். அவருக்கு உதவி அவருடைய அக்காள் மகன். மூன்றாமவன் பீகாரிலிருந்து வந்து, வேலைத்தளத்திலேயே தமிழ் கற்றுக்கொண்ட இளைஞன். அளவுகளையும் ஆயுதங்களையும் தமிழில் சொல்லுவான், மற்றவற்றைச் சிரித்துச் சமாளிப்பான்.

பலகை என்று சொல்கிறோமே தவிர, மரத்தை வாளால் அறுத்து இழைத்த பலகை இது இல்லை. மரநாரைப் பிசினோடு கலந்து, உஷ்ணத்திலும் அழுத்தத்திலும் இறுக்கி, எச்.டி.எஃப். என்னும் கெட்டியான தகடாக்கி, அதன்மேல் தேக்கு, ஓக் முதலிய மரங்களின் ரேகைகளை அச்சிட்ட காகிதத்தை ஒட்டி, அதற்கும் மேலே மெலமைன் பிசினோடு அலுமினியம் ஆக்ஸைடு துகள்களைச் சேர்த்து ஒரு கவசமும் பூட்டி, எட்டு மில்லிமீட்டர் கனத்தில் இதைச் செய்கிறார்கள். ஸ்வீடன் தேசத்துப் பெர்ஸ்டார்ப் கம்பெனி 1977-இல் கண்டுபிடித்துப் பெர்கோ என்ற பெயரில் விற்ற சரக்கு இது. முதலில் விளிம்புகளைப் பசை தடவித்தான் ஒட்டிவந்தார்கள். 1990-களின் பிற்பகுதியில், பசையே இல்லாமல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் விளிம்பு வந்த பிறகுதான் உலகம் முழுவதும் பரவியது. மரத்தின் புகைப்படத்தின்மேல் நடந்து திருப்தியடைகிற காலம் வந்துவிட்டதே என்று எனக்குச் சற்றே வருத்தம் உண்டு. ஆனால் தேக்கு விற்கிற விலையை நினைத்தால் அந்த வருத்தத்தை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வருவதில்லை.

நான் போனபோது பெட்டிகள் அறையின் நடுவே, பிரிக்கப்படாமல், தரையில் படுக்கைவசமாக அடுக்கியிருந்தன. பெட்டி ஒன்று ஏறக்குறைய 15 கிலோ. பதிப்பதற்கு முன்னால் 48 மணி நேரமாவது பலகை அந்த அறையின் காற்றிலேயே கிடக்கவேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. கடலுக்குச் சமீபமான சென்னையின் ஈரக்காற்றை உட்கொண்டு, விரிய வேண்டிய அளவுக்கு விரிந்து, ஒரு நிலைக்கு வந்த பின்னரே அதைப் பூட்டவேண்டும். இல்லையேல், பூட்டிய பிறகு விரிந்து, போக இடமில்லாமல் நடு அறையில் கூடாரம்போல் எழும்பிவிடும். “பெட்டி சும்மா கிடக்குதே, ஏன் இன்னும் ஆரம்பிக்கலைன்னுதான் சார் எல்லாரும் கேக்கறாங்க. அது சும்மா கிடக்கலை, அதுவும் வேலைதான் செய்யுதுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க” என்றார் மேஸ்திரி.

ஏற்கெனவே போட்டிருந்த டைல்ஸ் தரையின்மேலேதான் பலகை பதிப்பது. நீண்ட அலுமினியக் கட்டையைத் தரையில் இட்டு, அதன் அடியில் வெளிச்சம் எங்கெங்கே தெரிகிறதென்று குனிந்து பார்த்து, பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே போனார்கள். இரண்டு மீட்டர் நீளத்துக்குள் மூன்று மில்லிமீட்டருக்குமேல் மேடு பள்ளம் இருந்தால் பூட்டு நாளடைவில் முறிந்துவிடும். ஓர் அறையில், வாசற்படியை ஒட்டி, கொத்தனார் விட்டுப்போன சிமெண்டு மேடு ஒன்று இருந்தது. அதை அரைத்து எடுப்பது ஐந்து நிமிஷ வேலை. ஆனால் இந்தத் தொழிலில் சுவாசத்துக்கு மிகக் கொடிய ஐந்து நிமிஷம் அதுதான். சிமெண்டிலும் மணலிலும் உள்ள சிலிக்கா, கண்ணுக்குத் தெரியாத பொடியாகி நுரையீரலின் அடிவரையில் சென்று தங்கிவிடும்; அங்கிருந்து அதைத் திரும்ப எடுக்க வைத்தியம் கிடையாது. பையன் கழுத்திலிருந்த கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு கிரைண்டரை எடுத்தான். கைக்குட்டை தடுப்பது நாம் பார்க்கக்கூடிய தூசியை மாத்திரம்; கெடுதல் செய்வது பார்க்கமுடியாத தூசி. மேஸ்திரி அவனை நிறுத்தி, தம் பையிலிருந்த வால்வு வைத்த முகமூடியைக் கொடுத்து, மேட்டில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து உளியாலேயே செதுக்கச் சொன்னார். ஐந்து நிமிஷ வேலை அரைமணியாயிற்று. அந்த இடம் நன்றாகக் காயும் வரையில் அந்த அறைப்பக்கமே அவர்கள் போகவில்லை.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஒயரின் இரண்டு நுனிகளையும் சீவி, சுவர்த் துளைகளில் செருகி, தீக்குச்சியால் இறுக்கிவிட்டு யந்திரத்தை ஓட்டும் காட்சியை நம் ஊர் வேலைத்தளங்களில் பாராதவர் இரார். இங்கே மூன்று முள் பிளக்கு இருந்தது. கசிவு ஏற்பட்டால் தானே அறுத்துக்கொள்ளும் பிரேக்கர் வீட்டு மின்பலகையில் இருக்கிறதா என்று மேஸ்திரி பித்தானை அமுக்கிப் பரிசோதித்தும் கொண்டார்.

அறுக்கும் வேலையைப் பால்கனியில் வைத்திருந்தார்கள். தூசி வீட்டுக்குள் சேராது என்பது காரணம். கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளியே யந்திரத்தை வைத்திருந்தார்கள். ஒன்பதாவது மாடியிலிருந்து ஒரு துண்டுப் பலகை கீழே விழுந்தால் அது துண்டுப் பலகையாக இராது. வாடகைக்கு எடுத்து வந்த மைட்டர் ரம்பம் அது. அதன் பற்களை மூடும் பிளாஸ்டிக் மூடி, ரம்பத்தை இறக்கும்போது விலகி, தூக்கும்போது தானாகவே வந்து மூடிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது. ஆனால் யாரோ முன்பு எடுத்துப் போனவர்கள் அந்த மூடியைத் தூக்கிக் கட்டுக்கம்பியால் இறுகக் கட்டிவைத்திருந்தார்கள். மேஸ்திரி செய்த முதல் காரியம், கட்டிங் பிளேயரை எடுத்து அந்தக் கம்பியை வெட்டி எறிந்ததுதான். “மூடி மறைக்குது, கோடு தெரியலைன்னு கட்டிப்புடறாங்க சார். கோடு நல்லாத்தான் தெரியும். விரல் எங்க இருக்குன்னுதான் தெரியாது.”

இந்த ரம்பமாவது மரத்துக்கென்று செய்தது. கல் அறுக்கும் கை கட்டரில் மர பிளேடை மாட்டிக்கொண்டு பலகை அறுப்பது இங்கே சர்வ சாதாரணம். விலை மலிவு, பையில் அடங்கும், எடுத்தவுடன் வேலை ஆகும். பற்களில்லாத வைர பிளேடால் கல்லைத் தேய்த்து அறுப்பதற்காக, நிமிஷத்துக்கு 12,000 சுற்றுக்குக் குறையாமல் சுழலும்படி செய்த யந்திரம் அது. தானாக வந்து மூடும் மூடி அதற்குக் கிடையாது. அதிலே பல் வைத்த பிளேடைப் பூட்டினால், பலகை சற்றே நெருக்கிப் பிடிக்கிற அந்தக் கணத்தில் யந்திரம் பிடித்தவனை நோக்கியே எகிறும். பீகார் இளைஞனுடைய பையில் அப்படி ஒரு கட்டர் இருந்தது. மேஸ்திரி அதைக் கண்டும் காணாதவர்போல் இருந்தாரே ஒழிய, அவன் அதை வெளியே எடுக்கத் துணியவில்லை.

பலகையின் மேற்கவசத்தில் அலுமினியம் ஆக்ஸைடு இருக்கிறது என்று சொன்னேன். உப்புத்தாளில் ஒட்டியிருப்பதும் அதே வஸ்துதான். ஆகையால் ஒவ்வோர் அறுப்பிலும் ரம்பத்தின் பல் பலகையைத் தின்கிறது, பலகை பல்லைத் தின்கிறது. மழுங்கிய பிளேடு தானாக இறங்காது, அமுக்கவேண்டும், அமுக்குகிற கை வழுக்கும். கூரான பிளேடைவிட மழுங்கிய பிளேடுதான் அபாயகரமானது என்பது கேட்பதற்கு விபரீதமாக இருந்தாலும், தச்சர்கள் அனைவரும் ஒருமுகமாக ஒப்புக்கொள்ளும் உண்மை. விளிம்பில் வெள்ளையாகச் சில்லு பெயரத் தொடங்கியதைப் பார்த்ததுமே மேஸ்திரி பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பிளேடை மாற்றினார். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்டேன். “யாராவது கால் தடுக்கிப் போட்டுட்டாங்கன்னா?” என்றார்.

பதிக்கும் வேலை பார்க்க அழகாக இருந்தது. டைல்ஸின்மேல் பிளாஸ்டிக் தாளை ஒன்றன்மேல் ஒன்று இருபது சென்டிமீட்டர் ஏறும்படி விரித்து ஒட்டி, அதன்மேல் ஃபோம் விரித்து, சுவரிலிருந்து பத்து மில்லிமீட்டர் விட்டுச் சிறு ஆப்புகளைச் செருகி, ஜன்னல் வெளிச்சம் வரும் திசைக்கு நேராக முதல் வரிசையைப் போட்டார்கள். இரண்டாம் வரிசையிலிருந்து தாளம் பிடித்துவிடுகிறது. பலகையின் நாக்கை முன் வரிசையின் காடியில் சாய்வாகச் செருகி, மெல்ல அசைத்தபடியே அமுக்கினால் ‘டக்’கென்று ஓர் ஓசை. குறுக்கு மூட்டுக்கு மட்டும் ஒரு வெட்டுத் துண்டை அணைவாக வைத்துச் சுத்தியலால் தட்டுவார்கள். நேரே தட்டினால் நாக்கு உடைந்துவிடும். முழுதும் பூட்டியதற்கு ஓர் ஓசையும் பாதி பூட்டியதற்கு ஓர் ஓசையும் இருக்கின்றன. என் செவிக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. பையன் ஒரு மூட்டைத் தட்டிவிட்டு அடுத்ததற்கு நகரும்போது, அறையின் மறுகோடியில் கதவைக் கழற்றி அதன் அடியை இழைத்துக்கொண்டிருந்த மேஸ்திரி, திரும்பிப் பாராமலே, “டேய், அது உக்காரலைடா” என்றார். “உக்காந்துருச்சு மாமா” என்று சொல்லிக்கொண்டே பையன் உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். மறுபேச்சில்லாமல் அதைக் கழற்றினான்.

இந்த அழகெல்லாம் முழங்காலின்மேல் நடக்கிறது. காலை முதல் மாலை வரையில் உடம்பின் பாரத்தைச் சுமந்துகொண்டு, டைல்ஸின் கடினத்தின்மேல், முழங்கால் ஒவ்வொரு பலகைக்கும் ஓர் அடி நகர்கிறது. சில்லுக்கு முன்னே தோலின் அடியில் உள்ள சிறு நீர்ப்பை இதனால் வீங்கும், வீக்கம் வற்றும், மறுபடியும் வீங்கும், வருஷங்கள் சென்றபின் குருத்தெலும்பே தேய்ந்துபோகும். மேஸ்திரி முழங்கால் மெத்தை கட்டியிருந்தார். அதை வாங்கத் தொடங்கியது வலி வந்த பிறகுதான் என்றார். பையன் மீந்துபோன ஃபோமை நான்காக மடித்துக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். பீகார் இளைஞனுக்கு அதுவும் இல்லை.

இத்தாலி தேசத்து வைத்தியர் பெர்னார்தினோ ரமாத்ஸினி என்பவர் தொழிலாளர்களின் வியாதிகளைப் பற்றி 1700-இல் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகளோடு, அவன் என்ன தொழில் செய்கிறான் என்பதையும் வைத்தியர்கள் கேட்கவேண்டும் என்று அதிலே வற்புறுத்தினார். உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் மரத்தூசியை 1995-இலும், சிலிக்காப் பொடியை 1997-இலும், இந்தப் பலகையின் பிசினில் சேர்கிற ஃபார்மால்டிஹைடை 2004-இலும், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பன என்று நிச்சயிக்கப்பட்ட வரிசையில் சேர்த்தது. ஒருநாள் வேலையால் வந்துவிடும் கெடுதல் இல்லை இது. ஆனால் தொழிலாளிக்கு இது ஒருநாள் வேலையும் இல்லை.

இவ்வளவும் தெரிந்த மேஸ்திரியின் தளத்திலேயே ஒருவனுக்கு மெத்தையில்லை, ஒருவன் கைக்குட்டையைக் கட்டிக்கொள்கிறான் என்றால், காரணத்தை அறியாமையில் தேடிப் பிரயோஜனம் இல்லை. காரணம் கூலிக் கணக்கில் இருக்கிறது. இந்த வேலைக்குக் கூலி சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. உளியால் செதுக்கிய அந்த அரைமணிக்குச் சதுர அடி கிடையாது. பெட்டி காத்திருந்த 48 மணிக்குக் கிடையாது. பிளேடு மாற்றிய நேரத்துக்கும், ஈரம் காயக் காத்த நேரத்துக்கும் கிடையாது. ஜாக்கிரதையாக வேலை செய்கிறவன் தன் சொந்தப் பையிலிருந்து எடுத்துத்தான் ஜாக்கிரதையை வாங்குகிறான். மூடியைக் கம்பியால் கட்டுகிறவனை மூடன் என்று எல்லோரும் ஏசுகிறார்கள், நான் ஏசமாட்டேன். அவன் விரலை வைத்து நிமிஷத்தை வாங்குகிறான். அந்த வியாபாரத்துக்கு அவனை நிர்ப்பந்தித்தவர்கள் நாம். நான் அங்கே இருந்தபோதே வீட்டுக்காரர் தொலைபேசியில் அழைத்து, இன்றைக்கே முடிந்துவிடுமா என்று கேட்டார்.

சட்டமும் இவர்கள் வாசல்வரை வருவதில்லை. கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று 1996-இல் வந்த மத்தியச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனங்கள் என்று எல்லை வகுத்தது. ஒரு வீட்டுக்குள் வந்து போகும் மூவர் அந்த எல்லைக்கு வெளியே நின்றார்கள். தமிழ்நாட்டில் 1994 முதல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. மேஸ்திரி அதில் பதிந்துகொண்டவர், மற்ற இருவரும் பதியவில்லை.

ஆகவே நான் விண்ணப்பித்துக்கொள்வது வீட்டுக்காரர்களிடம். பலகை பதிக்க ஆள் அமர்த்தும்போது சதுர அடி விலையோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். தரையைச் சமன் செய்வதற்கும், காத்திருப்பதற்கும், பிளேடுக்கும், முகமூடிக்கும் தனித்தனியே தொகை எழுதச் சொல்லுங்கள். எழுதியதைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள். கிரகப்பிரவேச முகூர்த்தத்தைப் பெட்டி வந்து இறங்கிய பிறகு குறியுங்கள். முழங்கால் மெத்தை ஒரு ஜோடியின் விலை, நீங்கள் வாங்கும் பலகையில் ஒரே ஒரு பெட்டியின் விலையைக்கூட எட்டாது.