மொறிஸ் மைனரும் உதிரிப்பாகமும்

எம்மிடமுள்ள மொறிஸ் மைனர் எம்மினும் மூத்தது. உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்தும், இங்கிலாந்து வணிகர் அதற்குரிய உறுப்புக்களை இணையவழி விற்கின்றனர். ஆயினும் படங்கண்டு மயங்கலாகாது. 1962இல் இயந்திரம் 1098 கன சென்ரிமீற்றராகியபோது முன்சில்லின் பிரேக் றம்மும் 7 அங்குலத்திலிருந்து 8 ஆயிற்று. ஆண்டு பிசகின் பொருந்தாது. தபாற்கூலியும் சுங்கவரியும் இறுத்தபின் திருப்பியனுப்புதல் எளிதோ?

பட்டினத்துக் கடை முதலாளியோ பழைய உறுப்பை மேசையில் வைத்து அளந்து, "மாஸ்ரர், இது சரிவராது" என்று கையை விரிப்பார். 1990களிற் பொருளாதாரத் தடையால் உதிரிப்பாகம் அருகிய காலத்தே, பழையவற்றைச் செப்பனிட்டு யாழ்ப்பாணத்து வண்டிகளை ஓடவைத்தவர்கள் இத்தகையோரே.

ஆதலின் பிரேக் றப்பரை அவரிடமே வாங்குகின்றோம். கதவுக் கைபிடியை இணையத்தில் எங்கே வாங்கலாமென்பதையும் அவரே சொல்லித்தந்தார்.