பாண்டிச்சேரி ஃபைனும் பெரியப்பா பைக்கும்

அனந்தபுரம், செஞ்சி பக்கத்துப் பசங்களுக்கு வெளி மாநிலம் என்பது ரயில் ஏறி ரெண்டு நாள் போகிற சமாச்சாரம் இல்லை. காலையில் டீ குடித்துவிட்டு பைக்கை எடுத்தால் பத்து மணிக்கெல்லாம் பாண்டிச்சேரி. (அது யூனியன் பிரதேசம் என்று திருத்த எழுந்தவர்கள் தயவுசெய்து உட்காரவும்.) இன்னொரு பக்கம், செஞ்சி வழியாகப் போகிற நெடுஞ்சாலை, பழைய எண் 66, இப்போது 77, கிருஷ்ணகிரியில் கொண்டுபோய் விடும். அப்புறம் ஓசூர், அதைத் தாண்டினால் கர்நாடகம்.

ஆகவே வெளி மாநில போலீஸிடம் ஃபைன் வாங்குவது இங்கே சர்வ சாதாரணம். பாண்டியில் ஹெல்மெட் ஒரு பெரிய அரசியல் கதை. 2019 பிப்ரவரியில் அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி தானே ரோட்டில் இறங்கி ஹெல்மெட் போடாதவர்களை நிறுத்தினார். முதல்வர் நாராயணசாமி ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்தார். ஹெல்மெட்டும் அந்தச் சண்டையில் ஒரு விஷயம். பிறகு கொஞ்ச காலம் சும்மா இருந்து, 2025 ஜனவரி 12 முதல் கட்டாயம் என்று போலீஸ் மறுபடி இறங்கியது.

ஃபைன் வாங்கிய பிறகு வருகிற கேள்விதான் முக்கியம். "அது பாண்டி போலீஸ்டா, தமிழ்நாட்டு வண்டிக்கு என்ன ஆகும்?" டீக்கடையில் இரண்டு பதில் கிடைக்கும். ஒன்றும் ஆகாது என்பது ஒன்று. இன்ஷூரன்ஸ் எகிறிவிடும் என்பது இன்னொன்று. இரண்டுமே சரியில்லை.

இரண்டாவது பதில் அமெரிக்காவில் இருக்கிற சொந்தக்காரர்கள் போனில் சொல்லி வந்திருக்க வேண்டும். அங்கே டிரைவர் லைசென்ஸ் காம்பாக்ட் என்று ஒரு ஒப்பந்தம் 1960களிலிருந்து இருக்கிறது. சுமார் 45 மாநிலங்கள் அதில் சேர்ந்து, ஒருவர் எங்கே தப்பு செய்தாலும் அவருடைய சொந்த மாநிலத்துக்குத் தகவல் சொல்லிவிடுகின்றன. நியூ ஜெர்சி லைசென்ஸ்காரர் வேறு மாநிலத்தில் வேகமாகப் போய் மாட்டினால் ஊரில் 2 பாயிண்ட் ஏறும். பக்கத்து நியூயார்க்காரருக்கு வெளி மாநில ஸ்பீடிங் டிக்கெட்டுக்கு பாயிண்ட் கிடையாது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக்கில் மாட்டினால் உண்டு! (இதற்குத் தர்க்கம் கேட்கக்கூடாது.) இன்ஷூரன்ஸ் கம்பெனி அந்த ரெக்கார்டைப் பார்த்துத்தான் பிரீமியத்தை ஏற்றுகிறது.

இந்தியாவில் தேர்ட் பார்ட்டி பிரீமியம் அரசாங்கம் அறிவிப்பது. 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப்படி 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை உள்ள பைக்குக்கு 714 ரூபாய். பத்து சலான் வாங்கியவருக்கும் 714, ஒன்றுகூட வாங்காதவருக்கும் 714. சொந்த வண்டிச் சேதத்துக்கான பாலிசியில் நோ கிளைம் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை போகும். அதுவும் கிளைம் கேட்டோமா என்பதைத்தான் பார்க்கிறதே தவிர, சிக்னலில் நின்றோமா என்பதை அல்ல. பி.காம். இன்ஷூரன்ஸ் பேப்பரில் "ரிஸ்க் கூடினால் பிரீமியம் கூடும்" என்று எழுதி மார்க் வாங்கியவர்கள் இங்கே கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம். ஒழுங்காக ஓட்டுகிறவர் காசில் கண்டபடி ஓட்டுகிறவருக்கும் சேர்த்துக் கணக்கு நடக்கிறது.

இதை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. 2019 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு குழு போட்டது. 2021 ஜனவரியில் வெளியான அதன் அறிக்கை, போக்குவரத்து மீறல் பிரீமியம் என்று தனியாக ஒன்றை வசூலிக்கச் சொன்னது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 பாயிண்ட், தப்பான இடத்தில் நிறுத்தினால் 10 பாயிண்ட். முதலில் டெல்லியில் சோதனை. 2024இலும் டெல்லி துணைநிலை ஆளுநர் இதையே கேட்டு நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார் என்றால், விஷயம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று புரிந்துகொள்ளலாம். அந்த அறிக்கையில் கவனிக்க வேண்டியது, பணம் கட்ட வேண்டியவர் வண்டி உரிமையாளர். ஓட்டியவர் அல்ல!

அப்படியானால் ஒன்றும் ஆகாது என்கிற முதல் பதில் சரியா? அங்கேதான் சிக்கல்.

அனந்தபுரத்துப் பையன் ஒருவன் பெரியப்பா பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் பாண்டி போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவில் விழுந்தால் சலான் வண்டி எண்ணைத் தேடிப் போகும். வாகனப் பதிவேடு நாடு முழுக்க ஒரே கம்ப்யூட்டரில் இருப்பதால் மாநில எல்லை அதற்குத் தெரியாது. பெரியப்பா செல்போனுக்கு மெசேஜ் வரும், வீட்டில் பூஜை நடக்கும். கட்டாமல் விட்டால், வண்டியை விற்றுப் பெயர் மாற்றப் போகும் நாளில் அது குறுக்கே வந்து நிற்கும். (கர்நாடகத்தில் 2023இலும் 2025இலும் பாக்கி ஃபைன்களுக்கு 50 சதவீதத் தள்ளுபடி கொடுத்தார்கள். ஒழுங்காகக் கட்டியவர்கள் முகத்தை நினைத்துப் பாருங்கள்.)

ஆனால் போலீஸ்காரர் நேரில் நிறுத்தினால் கதை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஹெல்மெட் போடாததற்கு 1000 ரூபாய் மட்டும் இல்லை, மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் சேர்ந்தே இருக்கிறது. பல பேர் ஆயிரத்தோடு வாசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். போலீஸ் லைசென்ஸை வாங்கி, அதைக் கொடுத்த அலுவலகத்துக்கே அனுப்பச் சட்டத்தில் இடம் உண்டு. பாண்டியில் நடந்தது இப்படித்தான் விழுப்புரம் மாவட்டத்துக்கு வந்து சேரும்.

அந்த மூன்று மாதத்துக்குள் பையன் மறுபடி வண்டியை எடுத்து யார் மேலாவது இடித்துவிட்டால்? பாலிசியை எடுத்துப் பாருங்கள். ஓட்டுபவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், தகுதியிழந்தவராக இருக்கக்கூடாது என்று பொடி எழுத்தில் இருக்கும். சட்டத்தின் 150வது பிரிவும் இந்தக் காரணத்தைச் சொல்லித் தப்பிக்கக் கம்பெனிக்கு வழி விடுகிறது. அடிபட்டவர் கைவிடப்படக்கூடாது என்பதற்காக, 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழியில், கம்பெனி முதலில் இழப்பீட்டைக் கொடுக்கும். உரிமையாளர் மேல் தப்பு இருப்பதை நிரூபித்தால் அவரிடமே திரும்ப வசூலிக்கும். உயிர் போன வழக்கென்றால் அது லட்சக்கணக்கில் வரும் தொகை. லைசென்ஸ் முடங்கியது தெரிந்தே சாவி கொடுத்த பெரியப்பாவின் நிலத்தை விற்க வேண்டியிருக்கும். பிரீமியம் என்னவோ அதே 714தான்!

பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் சலான் தெரியும்; லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் அது உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். பெரியப்பாக்கள் இரண்டையும் பார்த்துவிட்டே சாவி கொடுக்கலாம். சாவி கொடுக்காமல் இருக்க அவர்களுக்கு ஏற்கெனவே ஆயிரம் காரணம் இருக்கிறது என்பது வேறு விஷயம்...